வெள்ளியில் எழுதிய கலிமா

குகைத் தோழர்களின் வரலாற்றைத் திருமறையில் ஓதும்போது ஒரு சிறு செய்தியை நாம் விரைந்து கடந்து விடுகிறோம். நெடுந்துயிலிலிருந்து எழுந்த அவ்விளைஞர்கள், தங்களுள் ஒருவரை வெள்ளி நாணயத்துடன் நகருக்கு அனுப்பி உணவு வாங்கிவரச் சொன்னதாக அல்கஹ்ஃப் அத்தியாயம் கூறுகின்றது. கடைக்காரர் அக்காசைப் புரட்டிப் பார்த்து, அதிலிருப்பது என்றோ மறைந்த மன்னனின் முத்திரை எனக் கண்டு திகைத்ததாகவும், அதனாலேயே அவர்களுடைய செய்தி வெளிப்பட்டதாகவும் விரிவுரையாளர்கள் எழுதுவர். காலம் கடந்துபோனதை அந்த இளைஞரின் முகம் காட்டவில்லை. கையிலிருந்த காசு காட்டிற்று.

நாணயத்தின் இயல்பே அதுதான். ஏடுகள் படியெடுக்கப்படும்போது மாறுகின்றன; நிகழ்ச்சிக்கு நூறு, இருநூறு ஆண்டுகள் கழித்து எழுதப்படுவதும் உண்டு. நாணயமோ அடிக்கப்பட்ட அன்று எதைச் சொல்லிற்றோ அதையே இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. இஸ்லாத்தின் முதல் நூற்றாண்டில் புழங்கிய சில அரிய வெள்ளிக் காசுகளை எடுத்து, அவற்றின் இருபுறமும் பொறிக்கப்பட்டிருப்பவை நமக்கு எதை உணர்த்துகின்றன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கிஸ்ராவின் காசு

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வாழ்ந்த காலத்தில் அரபு நாட்டிற்கெனத் தனி நாணயம் இருக்கவில்லை. பொற்காசு ரோமப் பேரரசிலிருந்தும், வெள்ளிக்காசு பாரசீகத்திலிருந்தும் வந்தன. மக்கத்து வணிகர்கள் அவற்றை எண்ணி வாங்கவில்லை. நிறுத்தே வாங்கினர் என்று ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் சரித்திர ஆசிரியரான பலாதுரி எழுதுகின்றார்.

அந்தப் பாரசீக வெள்ளிக்காசு அகன்று மெலிந்தது. ஏறத்தாழ 4 கிராம் எடையுள்ளது. கி.பி. 224-இல் ஆட்சியை நிறுவிய முதலாம் அர்தஷீர் தொடங்கி, சாசானிய மன்னர் அனைவரும் நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரே அமைப்பில் இதனை அடித்து வந்தனர். ஒரு புறத்தில் மன்னனின் மார்பளவு உருவம். மறுபுறத்தில் நெருப்பு மேடை. அதன் இருமருங்கிலும் இரு காவலர். எழுத்து பஹ்லவி.

இவ்வமைப்பில் எதுவும் வெறும் அலங்காரம் அன்று. ஒவ்வொரு மன்னனும் தனக்கெனத் தனிவடிவ முடி சூடினான். முடியைக் கொண்டே மன்னன் யாரென்று அறியலாம். கி.பி. 590 முதல் 628 வரை ஆண்ட இரண்டாம் குஸ்ரூவின் முடியில் இரு சிறகுகள் விரிந்திருக்கும். அவை வெற்றித் தெய்வத்தைக் குறிப்பன என்பது அறிஞர் கருத்து. அவனது மேன்மை ஓங்குக என்னும் பொருள்பட ஒரு வாழ்த்தும் அருகே இருக்கும். மறுபுறத்து நெருப்போ ஜொராஸ்ட்ரிய சமயத்தின் புனிதத் தீ. அரசன் அரியணை ஏறுகையில் அவன் பெயரால் ஏற்றப்பட்ட தீயுமாகும். மன்னனும் சமயமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்பதே அக்காசின் செய்தி. அண்ணலாரின் திருமுகத்தைக் கிழித்தெறிந்தவனாக நம் வரலாறுகள் கூறும் கிஸ்ரா இந்தக் குஸ்ரூ பர்வேஸ்தான்.

இங்கே ஒன்றைக் குறிப்பிடுதல் வேண்டும். குஸ்ரூவின் முடியின் உச்சியிலும், காசின் ஓரங்களிலும் பிறையும் விண்மீனும் காணப்படுகின்றன. பள்ளிவாசல் கோபுரத்திலும் கொடிகளிலும் அவ்வடிவத்தைக் கண்டு பழகிய நம்மவர், இத்தகைய காசைக் கண்டதும் இஸ்லாமியக் காசென்றே முடிவு செய்துவிடக்கூடும். அது தவறு. பிறையும் விண்மீனும் பாரசீக மன்னர்கள் வானத்தின் ஒளிக்கும் தங்கள் நல்லூழுக்கும் அடையாளமாக வைத்தவை. அவை முஸ்லிம்களின் அடையாளமாக உலகெங்கும் அறியப்பட்டது மிகப் பிற்காலத்தில், உதுமானியப் பேரரசின் கொடியின் வழியே ஆகும். ஒரு சின்னத்தின் பொருள் அதன் வடிவத்தில் மட்டும் இல்லை; அதைப் பொறித்தவர் யார், எக்காலத்தவர், என்ன கருதினார் என்பவற்றில் இருக்கிறது.

ஓரத்தில் ஒரு சொல்

கடைசி சாசானிய மன்னன் மூன்றாம் யஸ்தகிர்த் கி.பி. 651-இல் மர்வ் நகரருகே கொல்லப்பட்டான். பாரசீகம் முழுவதும் முஸ்லிம்களின் ஆட்சிக்குள் வந்தது. வென்றவர் தோற்றவனின் காசை உருக்கித் தம் முகத்தைப் பதிப்பதுதான் உலக வழக்கு. முஸ்லிம்கள் அவ்வாறு செய்யவில்லை. நாணயச் சாலைகளை மூடவில்லை; அச்சு வெட்டும் பாரசீகத் தொழிலாளரையும் விரட்டவில்லை. சந்தையில் மக்கள் நம்பிக்கையோடு வாங்கும் காசு அப்படியே தொடர்ந்தது.

ஆனால் ஒரு சிறு மாற்றம் மட்டும் நிகழ்ந்தது. யஸ்தகிர்த் ஆண்டு 20 என்று தேதியிட்ட, அதாவது அம்மன்னன் மாண்ட காலத்தைச் சேர்ந்த சில காசுகளில், உருவத்தைச் சூழ்ந்த வட்டத்திற்கு வெளியே, ஓரத்தில், கூஃபி எழுத்தில் ஒரு சொற்றொடர் தோன்றுகிறது: பிஸ்மில்லாஹ். நடுவிலே மன்னன் இருக்கிறான்; பின்புறத்தில் தீயும் எரிகிறது; ஓரத்தில் இறைவனின் திருப்பெயர் வந்து நிற்கிறது. முஸ்லிம் ஆட்சியில் அடிக்கப்பட்ட காசுகளுள் நம் கைக்குக் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழைமையானவை இவையே. நாணயவியலார் இவ்வகையை அரபு–சாசானியக் காசுகள் என்பர்.

பின்னர் குஸ்ரூவின் உருவமே இவற்றுக்கு நிலையான மாதிரி ஆயிற்று. மன்னன் பெயர் இருந்த இடத்தில் முஸ்லிம் ஆளுநரின் பெயர் பஹ்லவி எழுத்திலேயே பொறிக்கப்பட்டது. ஸியாத், அவர் மகன் உபைதுல்லாஹ் முதலியோர் பெயர்களை இவ்வாறு காண்கிறோம். தாராப்கிர்த் நகரில் அடிக்கப்பட்ட ஒரு வகைக் காசில் முஆவியா (ரலி) அவர்களின் பெயரும், அமீருல் முஃமினீன் என்ற பட்டத்தின் பாரசீக மொழியாக்கமும் உள்ளன. கிஸ்ராவின் சிறகு முடியின் முன்னே ஒரு நபித்தோழரின் பெயர்! இன்று பார்க்க விந்தையாகத் தோன்றுகிறது. அன்றைய மக்களுக்கோ அது தெரிந்த காசு, தெரிந்த எடை, புதிய பெயர். அவ்வளவே.

தேடலின் ஆண்டுகள்

ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. அதற்குப் பின்வந்த பதினைந்து ஆண்டுகளில் காசின் முகம் பலமுறை மாறிற்று. உள்நாட்டுப் போரில் உம்மத்து பிளவுண்டிருந்த காலம் அது. மக்காவில் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) கலீஃபாவாக ஏற்கப்பட்டிருந்தார்; திமிஷ்கில் மர்வானின் மகன் அப்துல் மலிக் ஹிஜ்ரி 65-இல் ஆட்சிக்கு வந்தார்.

ஹிஜ்ரி 66-இல், அதாவது கி.பி. 685–86-இல், ஸுபைரின் தரப்பைச் சேர்ந்த ஓர் ஆளுநர் பாரசீகத்தின் பீஷாப்பூரில் அடித்த காசில், பிஸ்மில்லாஹ்வுக்குப் பின் முஹம்மது அல்லாஹ்வின் தூதர் என்ற வாசகமும் ஓரத்தில் இடம்பெற்றது. அண்ணலாரின் திருப்பெயர் பொறித்த, தேதியிட்ட காசுகளுள் இதுவே முதலாவது.

ஹிஜ்ரி 72-ஆம் ஆண்டுக்குரிய ஸிஜிஸ்தான் காசொன்று இன்னும் அரியது. ஆளுநர் அப்துல் அஸீஸ் பின் அப்துல்லாஹ் அதில் நெருப்பு மேடையையே அகற்றிவிட்டார். அது நின்ற இடத்தில் ஐந்து வரிகளில் கலிமாவின் பொருளைப் பஹ்லவி மொழியில் பொறித்தார். அரபு அறியாத பாரசீக மக்கள் தங்கள் எழுத்திலேயே படித்துக்கொள்ளட்டும் என்ற எண்ணமே இதில் புலப்படுகிறது. தீனைப் பிறர்க்கு எடுத்துரைப்போர் அவர்தம் மொழியில் உரைக்கவேண்டும் என்பதற்கு வெள்ளியில் எழுதப்பட்ட சான்று இது. அதே ஆண்டில்தான் ஜெரூசலத்தில் குப்பத்துஸ் ஸக்ராவின் உட்சுவரில் கலிமாவும் இக்லாஸ் சூராவும் பொறிக்கப்பட்டன.

இப்னு ஸுபைர் (ரலி) ஹிஜ்ரி 73-இல் கொல்லப்பட்டபின் ஆட்சி முழுவதும் அப்துல் மலிக்கிடம் வந்தது. அவருடைய சகோதரர் பிஷ்ர் பின் மர்வான் ஈராக்கில் அடித்த காசுகளில், நெருப்பு மேடைக்குப் பதிலாக இரு கைகளையும் உயர்த்தி நிற்கும் ஒருவரின் உருவம் உள்ளது. துஆ ஓதுபவர் என்றும், மிம்பரில் நின்று குத்பா ஓதுபவர் என்றும் அறிஞர் இதற்குப் பொருள் கூறுவர். திமிஷ்கில் ஹிஜ்ரி 75-இல் அடிக்கப்பட்ட வெள்ளிக்காசிலோ கலீஃபாவே வாளுடன் நிற்கிறார்.

இத்தேடலின் உச்சமாக ஒரு காசு உண்டு. உலகில் அதன் பிரதிகள் மிகச் சிலவே உள்ளன. தேதியும் ஊரும் அதில் இல்லை. அமைப்பைக் கொண்டு ஹிஜ்ரி 75-ஐ ஒட்டியது என மதிப்பிடுகின்றனர். அதன் ஒரு புறத்தில் வாள் அணிந்த அரசரின் உருவம். மறுபுறத்தில் இரு தூண்களின் மேல் ஒரு வளைவு. வளைவின் நடுவே நிமிர்ந்து நிற்கும் ஓர் ஈட்டி. 1952-இல் இக்காசை ஆராய்ந்து எழுதிய அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் மைல்ஸ், வளைவை மிஹ்ராப் என்றும், ஈட்டியை அண்ணலாரின் அனஸா என்றும் விளக்கினார். பெருநாள் திடலில் நபி (ஸல்) அவர்கள் தொழுவிக்கும்போது அவர்களுக்கு முன்னால் ஓர் ஈட்டி நடப்பட்டது என்பதை ஹதீஸ்களில் நாம் படித்திருக்கிறோம். தீ நின்ற இடத்தில் தொழுகையின் திசையை நிறுத்தினார்கள் என்பது அவர் கருத்து. பின்வந்த ஆய்வாளர் சிலர் இதனை ஏற்பதில்லை. ரோமானியரின் பழைய காசுகளிலும் கட்டடங்களிலும் காணும் மாடத்தைத் தழுவியதே இவ்வளைவு என்பர். எதுவாயினும் தீ அணைந்த இடத்தில் எதை வைப்பது என்ற கேள்விக்கு, அன்றையோர் உருவங்களின் வழியே விடை தேடினர் என்பது தெளிவு.

ஆனால் அவ்விடை நிற்கவில்லை. உருவமுள்ள காசுகள் மதீனாவுக்கு வந்தபோது, அங்கு எஞ்சியிருந்த நபித்தோழர்கள் அவற்றில் வேறெதையும் மறுக்காமல் உருவத்தை மட்டும் வெறுத்தனர் என்றும், ஸயீத் பின் அல்முஸைய்யப் (ரஹ்) அவர்களோ குறை கூறாமல் அவற்றைக் கொண்டு வாங்கி விற்றார் என்றும் நாணயங்களைப் பற்றித் தனிநூல் எழுதிய மக்ரீஸி குறிப்பிடுகிறார்.

முகமும் பெயரும் இல்லாத காசு

இச்சூழலில் ரோமப் பேரரசோடும் பிணக்கு மூண்டது. எகிப்திலிருந்து ரோமுக்குச் சென்ற பாப்பிரஸ் தாள்களின் தலைப்பில் கிறித்தவ வாசகத்திற்குப் பதிலாக ஏகத்துவ வாசகத்தை எழுதும்படி அப்துல் மலிக் ஆணையிட்டார். அதை நிறுத்தாவிடில் நாங்கள் அனுப்பும் பொற்காசுகளில் உங்கள் நபியைப் பழித்து எழுதுவோம் என்று பேரரசர் மிரட்டினார். அப்படியானால் அவர்கள் காசே நமக்கு வேண்டாம். நாமே அடிப்போம் என்று காலித் பின் யஸீத் ஆலோசனை கூறினார். பலாதுரி தரும் செய்தி இது.

ஹிஜ்ரி 77-இல் புதிய தீனாரும், 78, 79-ஆம் ஆண்டுகளில், அதாவது கி.பி. 697-க்கும் 699-க்கும் இடையில், புதிய திர்ஹமும் வெளிவந்தன. 78-ஆம் ஆண்டின் திர்ஹம்கள் இன்று மிக அரியவை.

அந்தத் திர்ஹமைக் கையில் எடுப்பவர் முதலில் காண்பது எழுத்து. எழுத்தைத் தவிர வேறொன்றுமில்லை. சிறகு முடி போயிற்று, தீ போயிற்று, பிறையும் விண்மீனும் போயின, வாளேந்திய கலீஃபாவும் போய்விட்டார். ஒரு புறத்து நடுவில் இறைவன் ஒருவனே, அவனுக்கு இணையில்லை என்னும் கலிமா. அதைச் சுற்றிலும் அல்லாஹ்வின் பெயரால் இந்தத் திர்ஹம் இன்ன ஊரில் இன்ன ஆண்டில் அடிக்கப்பட்டது என்ற விவரம். மறுபுறத்து நடுவில் இக்லாஸ் சூராவின் வாசகம். சுற்றிலும் அண்ணலாரின் தூதுத்துவத்தை அறிவிக்கும் தவ்பா அத்தியாயத்தின் 33-ஆம் வசனம்.

கலீஃபாவின் முகம் இல்லை என்பதை எல்லாரும் சொல்வர். அவருடைய பெயரும் இல்லை என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். வட ஆப்பிரிக்கா தொட்டு குராஸான் வரை பரந்த ஆட்சியின் தலைவர் அப்துல் மலிக். அவருடைய ஆளுநர் ஹஜ்ஜாஜின் கடுமை உலகறிந்தது. அத்தகையோர் அடித்த காசில் அவர்கள் பெயரைத் தேடினால் கிடைக்காது. உமைய்யா ஆட்சி முடியும்வரை இவ்வழக்கம் நீடித்தது. அவர்களின் ஆட்சிமுறையில் குறை காண்போர்க்கும் மறுக்கவியலாத உண்மை இது.

ஐம்பதாண்டுகளுக்குமுன் ஓரத்தில் வந்து நின்ற சொல், அடியடியாக நகர்ந்து நடுவிற்கு வந்துவிட்டது. ஸுபைரின் தரப்பினர் முதலில் பொறித்த அண்ணலாரின் பெயரை, அவர்களைப் போரில் வென்றவர்களும் அழிக்காமல் ஏற்றுக்கொண்டனர். பகைவர் எழுதியது என்பதற்காக நல்ல சொல்லைத் துடைத்தெறியவில்லை.

இம்மாற்றமும் மறுப்பின்றி நடைபெறவில்லை. ஹஜ்ஜாஜின் திர்ஹம்களுக்கு மக்ரூஹா, அதாவது வெறுக்கப்பட்டவை என்ற பெயர் வழங்கியதாகப் பலாதுரி எழுதுகிறார். உளூ இல்லாதவரும் தொடும் பொருளில் இறைவசனத்தை எழுதலாமா என்று மார்க்க அறிஞர் தயங்கியதே காரணம் என்பது ஒரு கருத்து. எடை குறைந்ததைப் பாரசீகர் விரும்பவில்லை என்பது மற்றொரு கருத்து.

பிறர் கண்ணில் பட்ட பொருள்

இத்திர்ஹம்கள் வணிகர் கைகளில் வெகுதூரம் சென்றன. வடக்கே சுவீடன் நாட்டின் காட்லாந்து தீவில் 1999-இல் ஒரு புதையல் வெளிப்பட்டது. அதில் 14,000-க்கும் மேற்பட்ட வெள்ளிக்காசுகள் இருந்தன. பெரும்பாலானவை முஸ்லிம் நாடுகளின் திர்ஹம்கள். அவற்றுள் ஒரு காசு அறிஞரை வியப்பில் ஆழ்த்திற்று. திர்ஹமைப் பார்த்து கஸர் இனத்தார் கி.பி. 837–38-ஐ ஒட்டி அடித்த போலி அது. அதில் முஹம்மது என்றிருக்கவேண்டிய இடத்தில், மூஸா அல்லாஹ்வின் தூதர் என்று அரபியில் பொறித்திருந்தனர். கஸர் அரசர்கள் யூத சமயத்தைத் தழுவியவர்கள். வெறும் வெள்ளியாகவே அவர்கள் திர்ஹமை மதித்திருந்தால் அப்படியே படியெடுத்திருப்பர். படித்துப் பார்த்துப் பெயரை மாற்றியதாலேயே, எழுத்து ஒரு நம்பிக்கையின் அறிக்கை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர் என அறிகிறோம்.

எடையும் ஏழையின் பங்கும்

இத்தனை நேரம் எழுத்தைப் பற்றிப் பேசினோம். அந்தத் திர்ஹம் நமக்கு விட்டுச்சென்ற மற்றொரு செல்வம் அதன் எடை.

ஹிஜ்ரி 224-இல் மறைந்த இமாம் அபூ உபைத், கிதாபுல் அம்வால் என்ற தம் நூலில் இதனை விளக்குகிறார். முன்னாளில் 8 தானிக் எடையுள்ள பெரிய திர்ஹமும், 4 தானிக் எடையுள்ள சிறிய திர்ஹமும் புழங்கின. ஸகாத்தைப் பெரிய காசால் கணக்கிட்டால் ஏழைக்கு இழப்பு; சிறிய காசால் கணக்கிட்டால் கொடுப்பவர்க்குச் சுமை. ஆகவே இரண்டையும் கூட்டி இரண்டாகப் பகுத்து, 6 தானிக் எடையில் ஒரே திர்ஹமை அமைத்தனர். 10 திர்ஹம் 7 மிஸ்காலுக்குச் சமம் என்ற விகிதமும் நிலைபெற்றது.

கிடைத்துள்ள காசுகள் இக்கூற்றை மெய்ப்பிக்கின்றன. அப்துல் மலிக்கின் தீனார், அதாவது ஒரு மிஸ்கால், 4.25 கிராம். அதில் பத்தில் ஏழு பங்கு 2.975 கிராம், அதுவே திர்ஹம். 6 தானிக் 2.975 கிராம் என்றால் 8 தானிக் ஏறத்தாழ 4 கிராம் ஆகும். அது நாம் முதலில் கண்ட கிஸ்ராவின் காசின் எடையே! ஏடு சொன்னதற்கு வெள்ளி சாட்சி கூறுகிறது.

வெள்ளியில் ஸகாத் கடமையாகும் அளவு 200 திர்ஹம். 2.975-ஐ 200-ஆல் பெருக்கினால் 595 கிராம். இன்று பல நூல்களில் நாம் காணும் 595 கிராம் என்ற நிஸாப் கணக்கு இவ்வாறு வந்ததே. இருபது தீனாருக்கு 85 கிராம் தங்கம் என்பதும் அவ்வாறே. டாக்டர் யூசுஃப் அல்கர்ளாவி தம் ஸகாத் சட்ட நூலில், அருங்காட்சியகங்களில் காக்கப்பட்டுள்ள பழங்காசுகளின் எடையையே உறுதியான அளவுகோலாகக் கொண்டார். ஃபிக்ஹு நூல்களின் தொலா கணக்கைப் பின்பற்றுவோர் 612 கிராம் என்றும் கொள்வர். எந்தக் கணக்காயினும் அதன் வேர் அந்தத் திர்ஹமில் இருக்கிறது.

ஆண்டுதோறும் ரமலானில் ஸகாத் கணக்கை எழுத உட்காரும் நம் குடும்பத் தலைவர்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குமுன் யாரோ ஒருவர் மண்ணில் புதைத்துவைத்து மீட்க மறந்த காசு, உருக்குலைக்குத் தப்பி, தராசில் ஏறி, இன்று ஒரு விதவையின் பங்கை வரையறுத்துத் தருகிறது.

தப்பியவை சிலவே, உருகியவை எண்ணற்றவை. பாட்டனார் பெட்டியிலிருந்து எழுத்துத் தேய்ந்த பழைய வெள்ளிக்காசு கிடைத்தால், எந்நாட்டுக் காசாயினும் சரி, கொலுசுக்கோ அரைஞாணுக்கோ என்று தட்டார் உலைக்கு அனுப்பிவிடுவது நம் இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. உருகிய பின் அது இத்தனை கிராம் வெள்ளி, அவ்வளவே. உருகுமுன் அது ஒரு சாட்சி. அனுப்புவதற்குமுன், படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிக் கேட்பதற்கு ஒரு நாள் போதும்.

கிஸ்ராவின் நெருப்பு அணைந்தது வாளால் மட்டுமன்று. பிறர் காசை வெறுக்காமல் ஏற்று, ஓரத்தில் ஒரு சொல்லை எழுதி, ஐம்பதாண்டுகள் பொறுத்து, அச்சொல் நடுவிற்கு வரும்போது தம் முகத்தையும் பெயரையும் விலக்கிக்கொண்ட ஒரு சமுதாயத்தின் அடக்கத்தால் அணைந்தது. நாம் செய்யும் அறங்களில் நம் பெயரைப் பெரிதாகப் பொறித்துக்கொள்ளும் இந்நாளில், முகமும் பெயரும் இல்லாத அந்தச் சிறு வெள்ளித் தகடு நமக்கு நல்லதொரு பாடம். அப்பாடத்தை ஏற்று நடக்க வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக!